கார்பன் ஃபைபர் வேலையில் எபாக்சி மஞ்சளாவதைத் தடுக்கும் முறை: குமரி மேற்கில் தொழில் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

களியக்காவிளையிலிருந்து தேங்காப்பட்டணம் வரையிலும், அதைத் தாண்டிக் குளச்சல் வரையிலும், ஃபைபர் வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. வள்ளத்தின் அடிப்பகுதி பாறையில் உரசிப் பிளந்தால், கண்ணாடி இழை விரிப்பை (மேட்) வெட்டி, ரெசின் என்னும் பிசினில் நனைத்து ஒட்டி, மறுநாளே கடலில் இறக்கித் தருபவர்கள் கடற்கரை ஊர்களில் இருக்கிறார்கள். இப்போது அந்தக் கைகளும், படிப்பு முடித்த இளைஞர்களும் கார்பன் ஃபைபர் பக்கம் வருகிறார்கள். பைக் மட்கார்டு, காரின் பக்கக் கண்ணாடி மூடி, ட்ரோனின் உடற்பகுதி என்று செய்து பார்க்கிறார்கள். அச்சிலிருந்து எடுத்த அன்று அந்தப் பொருளின் அழகு மயக்கக்கூடியது. கறுப்பு நெசவு கண்ணாடிக்கு அடியில் கிடப்பதுபோலத் தெரியும். ஐந்தாறு மாதம் வெயிலில் நின்ற பின்பு அதே பொருளைப் பார்த்தால், நெசவின் மேல் கட்டன்சாயா ஊற்றி உலர்த்தியதுபோல ஒரு படலம் தெரியும். கறுப்பு தன் ஆழத்தை இழந்து, சற்றே பச்சை கலந்த பழுப்பாகத் தோன்றும்.

மஞ்சளானது கார்பன் அல்ல. அதன் மேலிருக்கும் எபாக்சிதான், அதாவது கார்பன் இழைகளை நனைத்துப் பிணைக்கும் ரெசின்தான். இதைத் தடுக்க முடியும். ஆனால் ஒரு தனிப் பொருளை வாங்கிப் பூசித் தடுத்துவிடலாம் என்று எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். ரெசினோடு கலந்து அதை இறுக வைக்கும் ஹார்டனரைத் தேர்ந்தெடுக்கும்போதும், தராசில் அளக்கும்போதும், மழைக்காலத்துக் காற்றைக் கணக்கில் எடுக்கும்போதும், இறுதியில் நிறமற்ற மேல்பூச்சான கிளியர் கோட் அடிக்கும்போதும் கவனம் வேண்டும். இவற்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் மற்றவை அதை ஈடுகட்டுவதில்லை என்பதை என் வேலையில் பலமுறை பார்த்திருக்கிறேன். எனவே வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது

கடைகளில் கிடைக்கும் எபாக்சி ரெசின்களில் பெரும்பாலானவை பிஸ்பீனால் ஏ என்னும் வேதிப்பொருளிலிருந்து செய்யப்படுபவை. அதன் மூலக்கூறிலுள்ள வளையங்கள் ரெசினுக்கு விறைப்பையும் உறுதியையும் தருகின்றன. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிரை உறிஞ்சுபவையும் அவையே. உறிஞ்சிய ஆற்றலால் சில பிணைப்புகள் அறுந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, நீல ஒளியை விழுங்கும் புதிய அமைப்புகளாக மாறுகின்றன. நீலம் விழுங்கப்பட்டபின் கண்ணுக்கு எட்டும் ஒளி மஞ்சளாகத் தெரிகிறது. கன்னியாகுமரி மாவட்டம் 8 டிகிரி வடக்கு அகலாங்கில் இருப்பதால், ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சிக்கே வருகிறது. ஐரோப்பாவில் தயாரான ரெசினின் விளம்பரத்தில் "நீண்ட காலம் நிறம் மாறாது" என்று எழுதியிருந்தால், அது எந்த வெயிலை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாவது காரணம் ஹார்டனர். எபாக்சி ஹார்டனர்கள் பெரும்பாலும் அமீன் வகையைச் சேர்ந்தவை. வினைபுரியாமல் எஞ்சிய அமீன், வெயிலே படாத அலமாரிக்குள்ளும் காற்றுப்பட்டு மெல்ல நிறம் மாறும். மூன்றாவது காரணம் சூடு. அளவுக்கு மிஞ்சிய வெப்பத்தில் எபாக்சி ஆக்சிஜனோடு வினைபுரிந்து பழுப்பேறும். வெயில், மிஞ்சிய அமீன், சூடு ஆகிய மூன்றையும் தனித்தனியே பிரித்துப் பார்க்கப் பழகினால், மஞ்சளான ஒரு பொருளைக் கையில் எடுத்ததுமே தவறு எங்கே நேர்ந்தது என்று ஓரளவு ஊகிக்க முடியும். வெயில் பட்ட மேற்பக்கம் மட்டும் மஞ்சளாகி, அடிப்பக்கம் தெளிவாக இருந்தால் குற்றம் புற ஊதாக் கதிரினுடையது. இரு பக்கமும் ஒரே சீராக மஞ்சளாகி, நகத்தால் அழுத்தினால் தடம் விழுமானால், கலவை அளவைச் சந்தேகிக்க வேண்டும். ரெசின் தடிப்பாகத் தேங்கிய மூலைகளில் மட்டும் பழுப்பு தெரிந்தால் அது சூட்டின் வேலை.

ரெசினும் ஹார்டனரும் வாங்கும்போது

பாட்டிலில் தண்ணீர்போலத் தெளிவாக இருப்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். சில தயாரிப்புகளில் தொடக்க மஞ்சளை மறைப்பதற்காக மிகச் சிறிதளவு நீலம் அல்லது ஊதாச் சாயம் சேர்ப்பார்கள். அது முதல் நாள் தோற்றத்துக்கு உதவுமே தவிர, பின்னால் வரும் மாற்றத்தைத் தடுக்காது. ரெசினைவிட ஹார்டனரின் வகையைக் கேட்டறிவது முக்கியம். பாலிஈதர் அமீன் வகை ஹார்டனர்கள் நிறம் குறைவானவை, மெதுவாக இறுகுபவை. சைக்ளோஅலிஃபாட்டிக் அமீன் வகையும் வெளித்தெரியும் வேலைக்கு ஏற்றது. மிக விரைவாக இறுகும் ஹார்டனர்களில் பெரும்பாலும் பீனால் சார்ந்த முடுக்கிகள் சேர்க்கப்பட்டிருக்கும். அவை சீக்கிரம் மஞ்சளாகும் இயல்புடையவை. வேகமும் தெளிவும் ஒரே பாட்டிலில் அரிதாகவே கிடைக்கும்.

கல்லூரி ஆய்வகங்களில் பழகியவர்களுக்கு அரால்டைட் எல்ஒய் 556 ரெசினும் எச்ஒய் 951 ஹார்டனரும் 100-க்கு 10 என்ற எடை விகிதத்தில் கலப்பது நன்றாகத் தெரிந்திருக்கும். அது உறுதிக்காகத் தேர்ந்தெடுக்கப்படும் இணை. அந்த ஹார்டனர் டிரைஎத்திலீன் டெட்ராமின் என்னும் பொருள். ஈரக்காற்றோடு எளிதில் வினைபுரியக்கூடியது. உள்ளே மறைந்திருக்கும் பாகத்துக்கும், மேலே பெயின்ட் அடிக்கப்போகும் பாகத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். நெசவு வெளியே தெரிய வேண்டிய மேற்பரப்புக்கு, அந்தப் பயன்பாட்டுக்கென்றே தயாரிக்கப்பட்ட, புற ஊதாத் தடுப்பான் கலந்த ரெசின் இணையை வாங்குங்கள். தடுப்பான் கலந்த ரெசின் மஞ்சளாவதைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. ஹைட்ரஜனேற்றம் செய்த எபாக்சி போன்ற, வளையங்களின் இயல்பை மாற்றிய ரெசின்கள் மிகக் குறைவாகவே மஞ்சளாகும் என்றாலும், அவற்றின் விலை புதியவருக்குக் கட்டுப்படியாகாது. அந்தப் பணத்தை நல்ல கிளியர் கோட்டுக்குச் செலவிடுவதே என் பரிந்துரை.

ஹார்டனரைச் சிறிய பாட்டிலாகவே வாங்குங்கள். ஐந்து லிட்டர் கேன் வாங்கினால் லிட்டருக்கு விலை குறையும். ஆனால் மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது ஈரத்தையும் கரியமில வாயுவையும் உறிஞ்சும். திறந்து நான்கைந்து மாதமான ஹார்டனர் தேன் நிறத்துக்கு வந்திருந்தால், வெளித்தெரியும் வேலைக்கு அதைத் தொடாமல், உட்பகுதி வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள். செம்பு, பித்தளைப் பாத்திரங்களிலோ, அந்த உலோகத்தாலான குழாய் முனைகளிலோ ஹார்டனர் படவே கூடாது. அமீன் அவற்றை அரித்து நீலப்பச்சைக் கறையை ஏற்றிவிடும்.

தராசு

வள்ள வேலையிலிருந்து வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், சொல்லிச் சலிக்காததும் இதைத்தான். வள்ளத்துக்குப் பயன்படுவது பாலியெஸ்டர் ரெசின். அதில் ஊற்றும் கேட்டலிஸ்ட் ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம்தான்; அது வினையைத் தொடங்கி வைக்கும் பொருள். மழை இருட்டிக்கொண்டு வந்தால் கொஞ்சம் கூட்டுவார்கள், வெயில் கொளுத்தினால் குறைப்பார்கள். அனுபவத்தால் வந்த அந்தக் கைக்கணக்கு பாலியெஸ்டரில் செல்லுபடியாகும். எபாக்சியில் அது செல்லாது. எபாக்சியின் ஹார்டனர் வினையைத் தூண்டிவிட்டு ஒதுங்கும் பொருளாக இல்லாமல், இறுகிய பிளாஸ்டிக்கின் உடலிலேயே ஒரு பங்காகச் சேர்வது. ஒரு கொண்டிக்கு ஒரு தாழ்ப்பாள் என்பதுபோல, ரெசினிலுள்ள ஒவ்வொரு பிணைப்பிடத்துக்கும் ஹார்டனரில் ஓர் இணை உண்டு. கூடுதலாக ஊற்றிய ஹார்டனருக்குக் கொண்டி கிடைக்காது. அது இறுகிய ரெசினுக்குள் சும்மா கிடந்து, மேற்பரப்புக்கு ஊறி வந்து, ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து நிறம் மாறும். விரைவில் இறுக வேண்டும் என்று கூட்டி ஊற்றிய ஹார்டனர் விரைவையும் தராது, உறுதியையும் குறைத்துவிடும்.

ஆகவே கண்ணளவை முற்றிலும் விட்டுவிடுங்கள். 0.1 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும். ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு ஏன் போதாது என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 100-க்கு 10 என்ற இணையில் 50 கிராம் ரெசினுக்கு 5 கிராம் ஹார்டனர் வேண்டும். அந்தத் தராசு 5 என்று காட்டும்போது உண்மையான எடை நாலரையாகவும் இருக்கலாம், ஐந்தரையாகவும் இருக்கலாம். அரை கிராம் என்பது அங்கே 10 சதவீதப் பிழை. இதனால்தான் புதியவர்கள் 100-க்கு 30 போன்ற, ஹார்டனர் பங்கு கூடுதலாக உள்ள இணைகளில் தொடங்குவது நல்லது. சிறு பிழையின் விளைவும் அங்கே சிறியதாகவே இருக்கும்.

அடுத்த பிழை எடை விகிதத்தையும் கொள்ளளவு விகிதத்தையும் குழப்பிக்கொள்வது. ரெசின் தண்ணீரைவிடக் கனமானது. ஹார்டனர் பெரும்பாலும் தண்ணீரைவிடச் சற்று லேசானது. எனவே எடையில் 100-க்கு 30 என்பது கொள்ளளவில் ஏறக்குறைய 100-க்கு 36 ஆகிவிடும். தயாரிப்பாளர் தரும் தரவுத்தாளில் எந்த விகிதம் எதற்கென்று படித்து, எடை விகிதத்தை மட்டும் ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதித் தராசுக்கு மேலே ஒட்டிவையுங்கள்.

கலப்பது இப்படி. முதலில் கப்பைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்கி, ரெசினை ஊற்றி எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எடைக்குரிய ஹார்டனரைக் கணக்கிட்டு, மீண்டும் பூஜ்யமாக்கி, அதே கப்பில் மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். மூன்று நிமிடத்துக்குக் குறையாமல், நுரை எழாத வேகத்தில், கப்பின் சுவரையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்குங்கள். பிறகு முழுவதையும் இன்னொரு சுத்தமான கப்புக்கு மாற்றி, புதுக் குச்சியால் இன்னும் ஒரு நிமிடம் கலக்குங்கள். முதல் கப்பின் சுவரில் ஒட்டியிருக்கும் சரியாகக் கலக்காத ரெசினை வழித்து வேலையில் சேர்க்காதீர்கள். ஒரு பொருளில் அங்கங்கே மட்டும் மஞ்சள் திட்டுகள் தோன்றினால், காரணம் பெரும்பாலும் இந்த வழித்தெடுத்த ரெசின்தான். ரெசின் கெட்டியாக இருக்கிறதென்று தின்னரோ அசிட்டோனோ ஊற்றித் தளர்த்துவதும் கூடாது.

எவ்வளவு கலப்பது என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: கைவேலையில் துணியின் எடைக்கு ஏறக்குறையச் சமமான எடை ரெசின் பிடிக்கும். சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள ட்வில் (சாய்வரி நெசவு) துணியில் அரைச் சதுர மீட்டர் விரித்தால், அடுக்கு ஒன்றுக்கு 100 கிராமுக்குச் சற்றுக் கூடுதலான கலவை போதும். தேவைக்கு மேல் கலந்து கப்பிலேயே வைத்திருந்தால் அது தானே சூடேறிப் புகையத் தொடங்கும். அந்த ரெசின் கப்பிலேயே மஞ்சளாகிவிட்டது என்று கொள்ளுங்கள். கலந்தவுடன் அகலமான தட்டில் பரப்பி ஊற்றிவிட்டால் சூடு தேங்காது.

இடவப்பாதியும் ஐப்பசி மழையும்

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். ஜூனில் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, வந்தால் கேரள எல்லையோர ஊர்களில் காற்றே நனைந்திருக்கும். அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் வடகிழக்கு மழை தொடங்கிவிடும். எபாக்சிக்கு இந்த ஈரக்காற்று பெரும் பகை. இறுகிக்கொண்டிருக்கும் ரெசினின் மேற்பரப்பிலுள்ள அமீன், காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து, மெழுகு தேய்த்ததுபோன்ற வழவழப்பான ஒரு படலத்தை உண்டாக்கும். தொழிலில் இதை பிளஷ் என்பார்கள். முதலில் அது வெண்மையாகவோ கண்ணுக்கே தெரியாமலோ இருக்கும். அதை அகற்றாமல் மேலே இன்னொரு கோட் அடித்தால், இரண்டுக்கும் நடுவே சிக்கிய படலம் காலப்போக்கில் மங்கி மஞ்சளாகும். மேல் கோட்டும் தோலுரியும்.

இதைத் தடுக்கச் செலவு அதிகமில்லை. வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சிறிய மீட்டர் ஒன்றைப் பட்டறைச் சுவரில் மாட்டுங்கள். ஈரப்பதம் 70 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் நேரம் பார்த்து வேலை செய்யுங்கள். பூசப்படும் பரப்பின் வெப்பநிலை, பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பூச்சுத் தொழிலில் பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் விதி. காற்று 28 டிகிரியும் ஈரப்பதம் 85 சதவீதமுமாக இருக்கும் ஒரு மழைநாளில் பனி படியும் வெப்பநிலை சுமார் 25 டிகிரி. அதாவது அந்த விதியின் விளிம்பில்தான் நிற்கிறோம்; இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த அச்சில் காலை ஏழு மணிக்கு ரெசின் பூசினால், கண்ணுக்குத் தெரியாத ஈரத்தின்மேல்தான் பூசுகிறோம். பொருளையும் அச்சையும் முந்தைய நாளே வேலை அறைக்குள் கொண்டுவந்து வைத்து, பத்து மணிக்குமேல் தொடங்குங்கள். வெளித்தெரியும் முக்கியமான பொருள்களை ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள வறண்ட மாதங்களுக்குத் தள்ளி வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. அவசர வேலையானால், சிறிய அறையைப் பாலித்தீன் விரிப்பால் அடைத்து ஈரநீக்கி இயந்திரத்தை ஓட்டிக்கொள்ளலாம். அடுப்போ, எரிவாயு ஹீட்டரோ வைத்து அறையைச் சூடாக்கக் கூடாது. எரியும் தீ கரியமில வாயுவையும் நீராவியையும் சேர்த்தே வெளியிடுகிறது.

இதை நான் ஒரு நஷ்டத்தின் வழியாகத்தான் கற்றேன். ஓர் இடவப்பாதியில், இறுகாமல் பிசுபிசுத்த மூன்று மட்கார்டுகளை எப்படியாவது காய வைத்துவிட வேண்டும் என்று, தாய்மாமனின் ரப்பர் ஷீட் புகைப்புரையில் கொண்டுபோய்த் தொங்கவிட்டேன். ரப்பர் ஷீட் உலரும் அந்த அறையின் சூடு 50 டிகிரி சுற்றளவில் இருக்கும். எபாக்சிக்குத் தேவையான சூடும் அதுதானே என்பது என் கணக்கு. சூடு சரியாகத்தான் இருந்தது. ஆனால் விறகுப் புகையும், ஷீட்டிலிருந்து எழுந்த ஈரமும் சேர்ந்து மூன்றின் மேற்பரப்பையும் இரண்டே நாளில் பழுப்பாக்கிவிட்டன. தண்ணீரில் கழுவியும் தேய்த்தும் அந்தக் கறை போகவில்லை. மேலடுக்கை முழுவதும் உரசி எடுக்க வேண்டியதாயிற்று. நம் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு வீடு கைக்கெட்டும் தூரத்தில் புகைப்புரை இருப்பதால் இந்த எண்ணம் வேறு யாருக்கும் வரக்கூடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சூடேற்றி இறுக்குவது

அறை வெப்பத்தில் இறுகிய எபாக்சி, மறுநாள் கைக்குக் கெட்டியாகத் தெரிந்தாலும், உள்ளே வினை முடிந்திருக்காது. அது இளகத் தொடங்கும் வெப்பநிலை பெரும்பாலும் 50 முதல் 60 டிகிரிதான். கறுப்பான கார்பன் பரப்பு நண்பகல் வெயிலில் 70 டிகிரியைத் தொட்டுவிடும். எனவே சூடேற்றி இறுக்காத பொருள் வெயிலில் நெகிழ்ந்து, நெசவின் தடம் மேலே எழும்பி, எஞ்சிய அமீனும் விரைவாக நிறம் மாறும். ஃபைபரால் செய்த கிளைடர் விமானங்கள் பெரும்பாலும் வெள்ளை நிறத்தில் இருப்பதற்குக் காரணமும் இந்தச் சூடுதான். வெள்ளை வெப்பத்தைத் திருப்பியனுப்பும். கறுப்பு நெசவைக் காட்ட விரும்பும் நமக்கு அந்த வழி இல்லை என்பதால், ரெசினின் தாங்குதிறனைத்தான் உயர்த்திக்கொள்ள வேண்டும்.

தரவுத்தாளில் வேறு எதுவும் சொல்லப்படாவிட்டால், 24 மணி நேரம் அறை வெப்பத்தில் விட்டு, பிறகு மணிக்கு 10 டிகிரி வீதம் உயர்த்தி, 60 டிகிரியில் ஆறு மணி நேரம் வைத்து, மெதுவாக ஆறவிடுவது பாதுகாப்பான தொடக்கம். தெர்மோஸ்டாட், சிறிய மின் ஹீட்டர், காற்றைச் சுழற்ற ஒரு சின்ன விசிறி ஆகியவற்றைக் கொண்ட பிளைவுட் பெட்டி இதற்குப் போதும். சீக்கிரம் முடியட்டுமென்று 80, 90 டிகிரிக்கு ஏற்றினால், அறை வெப்பத்துக்கென்று செய்யப்பட்ட ரெசின் பெட்டிக்குள்ளேயே மஞ்சளாகலாம். பொருளை நேரடியாக மொட்டை மாடி வெயிலில் வைத்துச் சூடேற்றும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வெயிலின் சூடு மட்டும் வேண்டுமானால், பொருளை மூடிய தகரப் பெட்டிக்குள் வைத்து அந்தப் பெட்டியை வெயிலில் வையுங்கள். உள்ளே வெப்பமானி ஒன்று இருக்கட்டும்.

கழுவி, உரசி, கிளியர் கோட் அடிப்பது

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தாலும், வெயிலில் நிற்கப்போகும் எபாக்சி மேலே காப்பு இல்லாமல் இருந்தால் மஞ்சளாகியே தீரும். போயிங் 787 விமானத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கார்பன் ஃபைபர் போன்ற கூட்டுப்பொருள்கள்தாம். ஆனால் அதன் உடலில் எங்கும் எபாக்சியை வெறுமையாக வெயிலுக்குக் காட்டுவதில்லை, பெயின்ட் அடித்தே பறக்கவிடுகிறார்கள். நாம் நெசவைக் காட்ட வேண்டியிருப்பதால் பெயின்டுக்குப் பதில் கிளியர் கோட் அடிக்கிறோம். வேலை ஒன்றுதான்.

முதலில் கழுவுதல். சாதாரணத் தண்ணீரும், பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் போதும். கடற்கரைக் கிணறுகளில் உப்பு இருந்தால் வேறு நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். நாரால் தேய்த்து, காய்வதற்கு முன்பே வெள்ளைத் துணியால் துடைத்து எடுங்கள். பிளஷ் நீரில் கரையும், தின்னரில் கரையாது. முதலிலேயே தின்னர் போட்டுத் துடைத்தால் படலம் இடம் மாறிப் பரவுமே ஒழிய நீங்காது. உரசுவதும் கழுவியபின்தான், கழுவாமல் உரசினால் மெழுகுப் படலத்தைக் கீறல்களுக்குள் அழுத்தித் தேய்த்துவிடுவோம். இறுகும்போதே மேலே பீல் பிளை என்னும், ரெசினில் ஒட்டாமல் உரிந்துவரும் துணியை விரித்துப் பின்னர் உரித்தெடுத்தால், பிளஷ் பெரும்பாலும் அந்தத் துணியோடு போய்விடும்.

அடுத்து 400 எண் உப்புத்தாளில் தொடங்கி 600 தாள் வரை தண்ணீர்விட்டு உரசுங்கள். பளபளப்பு எங்கும் மிஞ்சக் கூடாது. கறுப்புத் தண்ணீர் வடிந்தால் கார்பனைத் தொட்டுவிட்டீர்கள் என்று பொருள், அங்கே நிறுத்துங்கள். உலர்ந்த கார்பன் தூள் நுரையீரலுக்குக் கேடு. மின்சாரத்தைக் கடத்துவதால் சுவிட்சுக்குள் புகுந்து ஷார்ட்டும் ஆக்கும். தண்ணீர்விட்டு உரசச் சொல்வது அதனாலும்தான். நன்றாகக் காய்ந்தபின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடையுங்கள். அதன்பின் கை படக் கூடாது.

கிளியர் கோட் வாங்கும்போது காருக்கு அடிக்கும் இரண்டு பாக பாலியூரித்தேன் கிளியரைக் கேளுங்கள். அது அலிஃபாட்டிக் வகையாகவும், புற ஊதா உறிஞ்சி கலந்ததாகவும் இருக்க வேண்டும். மர வேலைக்கு விற்கப்படும் சில மலிவான பாலியூரித்தேன்கள் அரோமாட்டிக் வகை. அவையே வெயிலில் மஞ்சளாகும். என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரும் அப்படித்தான். ஸ்ப்ரே கேனில் வரும் ஒற்றைப் பாகக் கிளியரின் படலம் மெல்லியது, தற்காலிகமானது. இரண்டு முழுக் கோட்டு அடித்து, இடையில் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால், உலர்ந்தபின் 50 மைக்ரான் அளவுக்குப் படலம் கிடைக்கும். எப்போதும் வெளியே நிற்கும் வண்டியின் பாகமானால் மூன்று கோட்டு அடியுங்கள். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் படலம் தானே மெலிந்துவிடும். மஞ்சள் முதலில் தோன்றுவதும் அங்கேதான். முழுக் கோட்டுக்கு முன்னதாக விளிம்புகளுக்கு மட்டும் ஒரு மென்மையான கோட்டு அடித்துக்கொள்ளுங்கள்.

இங்கே உடல்நலத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்தக் கிளியரின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. துணி முகக்கவசமும் தூசு முகக்கவசமும் இதற்கு எந்தப் பயனும் தராது. உரிய வடிகட்டிக் கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகமூடியோ, வெளிக்காற்று தரும் முகமூடியோ இல்லையென்றால், கிளியர் அடிக்கும் வேலையை மட்டும் நல்ல ஸ்ப்ரே பூத் (பெயின்ட் அடிக்கும் அடைப்பறை) உள்ள கார் பெயின்டரிடம் கொடுத்துவிடுங்கள். எபாக்சி ஹார்டனருக்கும் நைட்ரைல் கையுறை கட்டாயம். ஒருமுறை தோல் ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு அது அந்தத் தொழிலையே விடச் செய்துவிடும்.

வெள்ளை ஓட்டில் ஒரு சோதனை

புதிய ரெசின் இணை எதை வாங்கினாலும், வாடிக்கையாளரின் பொருளில் போடுவதற்கு முன் நீங்களே சோதித்துவிடுங்கள். கறுப்பின் மேல் மஞ்சள் தாமதமாகத்தான் கண்ணுக்குப் படும். வெள்ளையின் மேல் உடனே தெரியும். வெள்ளைச் சுவர் ஓடு ஒன்றை எடுத்து, அதில் மூன்று பட்டைகளாக ரெசினைப் பூசுங்கள். ஒன்றைச் சரியான அளவிலும், மற்றொன்றை வேண்டுமென்றே ஹார்டனர் 10 சதவீதம் கூட்டியும், மூன்றாவதைச் சரியான அளவில் பூசி மேலே கிளியர் கோட்டு அடித்தும் வையுங்கள். ஓட்டின் பாதியை அலுமினியத் தாளால் இறுக்கி மூடி, மொட்டை மாடியில் தெற்கு நோக்கிச் சாய்த்து வையுங்கள். பின்பக்கம் தேதியையும் பாட்டிலிலுள்ள பேட்ச் எண்ணையும் எழுதுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தாளை விலக்கி, மூடிய பாதியையும் திறந்த பாதியையும் நிழலில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மூடிய பாதியே மஞ்சளாகியிருந்தால் வெயிலைக் குறை சொல்ல வழியில்லை. ஹார்டனரைத்தான் மாற்ற வேண்டும்.

ஏற்கெனவே மஞ்சளான பொருள்

பலர் என்னிடம் கொண்டுவருவது இதைத்தான். பாலிஷ் போட்டாலோ, வெளுக்கும் திரவம் தடவினாலோ அந்த மஞ்சள் நீங்காது, ஏனென்றால் மாறியிருப்பது மேலே படிந்த அழுக்கல்ல, ரெசினே. ஆனால் புற ஊதாக் கதிர் அதிக ஆழத்துக்கு இறங்குவதில்லை. வெயிலால் வந்த மஞ்சள் மேலேயுள்ள மெல்லிய அடுக்கோடு பெரும்பாலும் முடிந்துவிடும். 320 தாளால் தண்ணீர்விட்டு மெதுவாக உரசி, ஓர் உள்ளங்கையளவு இடத்தில் முதலில் பாருங்கள். பரப்பை நனைத்தால் நெசவு மீண்டும் கறுப்பாகத் தெரிகிறதா? தெரிந்தால் முழுவதையும் அதே அளவுக்கு உரசி, கழுவி, கிளியர் கோட்டு அடித்துவிடலாம். நனைத்தும் பழுப்பாகவே தெரிந்தால் மஞ்சள் ஆழத்தில் இருக்கிறது. அது கலவையிலோ சூட்டிலோ நேர்ந்த பிழை, உரசி எடுக்கப் போனால் நெசவையே அறுத்துவிடுவீர்கள். அந்தப் பொருளுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துக் கொடுத்துவிட்டு, காரணத்தை வாடிக்கையாளரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். காப்பாற்றிய பொருளின் கிளியர் கோட்டையும் ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் தொடங்குமுன் மே மாதத்தில், விளிம்புகளைக் குனிந்து பார்த்துச் சோதியுங்கள். பளபளப்பு மங்கிய இடம் எதுவும் இருந்தால், அடியிலுள்ள எபாக்சிக்கு வெயில் எட்டுவதற்குள் 800 தாளால் லேசாக உரசி, இன்னொரு கோட்டு அடித்துவிடுங்கள்.